கைராசிப் படலம்

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. மைனி மொட்டை மாடியில் மோர்மிளகாய் காயப்போட்டிருக்கிறாள்; காக்கை விரட்டும் பொறுப்பு எனக்கு. கல்லூரிக்கு விடுமுறை விட்டால் மாடி வீட்டுக்காரி சும்மா இருக்கிறாள் என்று கீழே அண்ணனும் மைனியும் முடிவு செய்துவிடுகிறார்கள். விடைத்தாள் திருத்தும் வேலையும் வெள்ளியோடு முடிந்ததால் மறுக்க வழியில்லை.

மாலையில் ஆசீர் போன் செய்தான். நானும் அவனும் ஒரே பேராசிரியரிடம், ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்தவர்கள். நான் பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்தப் போனேன். அவன் பல்கலைக்கழகத்திலேயே தங்கி, இப்போது அந்த ஆய்வகத்துக்கே தலைவன். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன், தெரிந்தவர் யாராவது இறந்தால் ஒரு போன். அவ்வளவுதான் பழக்கம்.

"வடிவு, ஒரு கெட்ட சேதி."

"யாரு?"

"ஆளு யாரும் இல்ல. நம்ம பேப்பரு."

2003இல் நாங்கள் வெளியிட்ட கட்டுரை. அதில் உள்ளதைச் செய்து பார்த்த போலந்து நாட்டுக் குழு ஒன்று, தங்களுக்கு அப்படி வரவில்லை என்று இதழுக்கு எழுதியிருக்கிறது. ஜூன் முடிவுக்குள் நாங்களே மறுபடி செய்து காட்டாவிட்டால் கட்டுரை திரும்பப் பெறப்படும்.

"நீ செஞ்சு பாத்தியா?"

"பாத்தேன். எனக்கும் வரல. ஒன் கைராசி வேணும்."

எனக்குப் பிடிக்காத வார்த்தை. நாளை காரோடு வருகிறானாம்.

மே 5, திங்கள்

எழுதி வைத்தால்தான் எனக்கே தெளிவாகும். விஷயம் இது: கறுப்பாக ஒரு படலம், விரல்நகம் அளவு உலோகத் தகட்டின் மேல் படிய வைப்பது. பாலிபிரோல் என்று பெயர். பிளாஸ்டிக் குடும்பம்தான், ஆனால் மின்சாரம் கடத்தும். அதற்குள் தங்க நானோ துகள்களைக் கலந்து, அவற்றோடு ஒரு ஸ்டீராய்டு மருந்தைப் பிடித்து வைத்தோம். சிறு மின்துடிப்பு கொடுத்தால் படலம் மருந்தை விடும். கொடுக்காவிட்டால் பிடித்து வைத்திருக்கும். முதல் பாதியை யாரும் செய்யலாம். நனைத்த துணிகூட மருந்தை விடும். இரண்டாவது பாதிதான் எங்கள் கட்டுரை.

போலந்துக்காரர்களின் படலம் மின்சாரம் கொடுக்காமலே கசிகிறது. ஆசீர் செய்ததும் கசிகிறது.

அவனுக்கு அது பழைய கட்டுரை மட்டும் இல்லை. ஒரு கண் மருத்துவமனையோடு சேர்ந்து பெரிய திட்டம் ஒன்றை அதன்மேல் நிறுத்தியிருக்கிறான். கண்ணின் உள்வீக்கத்துக்காகத் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிகள் இருக்கிறார்கள். ஊசிக்குப் பதிலாக உள்ளே ஒரு சிறு தகடு, தேவைப்படும்போது வெளியிலிருந்து ஒரு துடிப்பு. தகடு தன்பாட்டுக்குக் கசிந்தால் கண் அழுத்தம் ஏறி இருக்கிற பார்வையும் போகும். ஆகவே கசிந்தால் திட்டம் இல்லை. திட்டம் போனால்கூடப் பரவாயில்லை என்கிறான். "பொய்க்காரன்னு பேரு நின்னுரும் வடிவு. எனக்கு மட்டும் இல்ல, ஒனக்கும்."

காரில் ஏசி போட்டிருந்தான். புதுச் சாலையில் ஊருக்கு வெளியே போய்ச் சேர்ந்ததே தெரியவில்லை. முன்பெல்லாம் டவுன் பஸ்ஸில், பேட்டை வழியாக, எலும்பெல்லாம் கழன்றுவிடும்.

ஆய்வகத்தில் தரை மாறியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நின்ற வேம்பு அப்படியே இருக்கிறது. பிரோல் குப்பியைத் திறந்ததும் அந்த வாசம், லேசாகக் கருகிய வேர்க்கடலை போல. இருபத்தைந்து வயதில் என் துப்பட்டாவெல்லாம் இந்த வாசம்தான். கொஞ்ச நேரம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆசீர்தான், "மேடம், ஆவியாகிப் போவுது" என்றான்.

மே 7, புதன்

தங்கக் கரைசலைக் கொதிக்கவிட்டு சிட்ரேட் சேர்த்தேன். நிறமற்றுப் போய், பிறகு கறுத்து, பிறகு நன்னாரி சர்பத் நிறத்துக்கு வந்தது. அந்தச் சிவப்பு வந்தால் துகள்கள் சரியான அளவில் வந்துவிட்டன என்று பொருள். அன்றைக்கும் இதே நிறம்தான். அன்றைக்கு ஆசீர், "ஐஸ் போட்டா குடிச்சிரலாம்" என்பான். இன்றைக்கும் அதையே சொன்னான். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கும் சிரித்ததில்லை என்று நினைக்கிறேன்.

பிரோலைக் காய்ச்சி வடித்து, மருந்தும் துகளும் கலந்து, படலத்தை வளர்த்தேன். என் கையாலேயே எல்லாம். பிறகு கட்டுரையில் சொன்னபடி கழுவி, உப்புநீரில் போட்டு, இரவு முழுவதும் இருக்கட்டும் என்று குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன்.

மே 8, வியாழன்

கசிந்தது.

மே 9, வெள்ளி

மறுபடியும் கசிந்தது. மருந்தின் அளவைக் காட்டும் கோடு, மின்சாரம் கொடுக்காமலே, மேலே மேலே போனது.

கைராசி என்ற சொல்லைத் தொடங்கிவைத்தவர் எங்கள் பேராசிரியர். நானும் ஆசீரும் படலம் செய்வோம். அவனுடையது கசியும், என்னுடையது கசியாது. சார் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "எல்லாம் வடிவு கைராசி" என்றார். அதோடு முடிந்தது. கட்டுரைக்கு என் படலங்களை எடுத்துக்கொண்டார்கள். காரணம் என்ன என்று மூன்று பேரில் ஒருவரும் தோண்டிப் பார்க்கவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இன்றைக்கு என் கையும் கசிந்துவிட்டது. அப்படியானால் அன்றைக்கு எது கசியாமல் இருந்தது?

மைனியின் மோர்மிளகாய் நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஒரு டப்பா எனக்கு.

மே 12, திங்கள்

பழைய கட்டுரையை மறுபடி படித்தேன். அந்தப் படம். மின்சாரம் இல்லாதபோது மருந்தின் அளவைக் காட்டும் கோடு, அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் தட்டையாகக் கிடக்கிறது. உண்மையான அளவீடு இவ்வளவு தட்டையாக வருமா?

படலம் செய்தது நான். மறுநாள் காலையில் அளந்தது ஆசீர். எனக்கு அந்த நேரத்தில் எம்.எஸ்ஸி. மாணவிகளுக்கு வகுப்பு இருக்கும். படத்தை டிரேசிங் பேப்பரில் மையால் வரைந்ததும் அவன்தான். நான் பார்த்தது வரைந்து முடித்த படத்தை.

இத்தனை வருடம் இதைப்பற்றி யோசித்ததே இல்லை. மாணவிகள் பிளாங்க் இல்லாமல் அளவீடு கொண்டுவந்தால் திருப்பி அனுப்புகிறவள் நான். மாதிரி எதுவும் போடாமல் முதலில் ஒருமுறை ஓட்டிப் பார், பிறகுதான் மாதிரியை நம்பு என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.

மே 13, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

அவன் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான். "அந்தக் கோட்ட நீ வரைஞ்சியா ஆசீர்?"

"வரைஞ்சேம்லா. சாருக்கு என் கைதான் புடிக்கும். ஏன்?"

"புள்ளியெல்லாம் வந்த மாதிரியே வரைஞ்சியா, இல்ல நேராக்கி வரைஞ்சியா?"

டம்ளரைக் கீழே வைத்தான். முதலில் சிரிக்கப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"என்ன சொல்லுத நீ?"

"கேக்கேன். அவ்வளவுதான்."

"போலந்துக் குழுவுல ஒருத்தி எனக்கு எழுதிக் கேட்டா. மரியாதையா, 'நாங்க எதுவும் தப்பு செய்யுதோமா'ன்னு கேட்டா. அவளுக்கு என்னயத் தெரியாது. நீ பக்கத்து ஸ்டூல்ல நாலு வருஷம் ஒக்காந்திருந்தவ."

"பக்கத்துல ஒக்காந்திருந்தா டேட்டா சரியாயிருமா?"

"இல்ல. ஆவாது." டம்ளரை எடுத்து, குடிக்காமல் தொட்டியில் கொட்டினான். "மிஷினு குடுத்த புள்ளி அது. ஒவ்வொண்ணும். நீ நம்பாண்டாம்."

மாலையில் காரில் கொண்டுவந்து விட்டான். தெருமுனையில் இறங்கி, "வாரேன்" என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

கேட்டது சரிதான். கேட்ட இடத்தில் டம்ளர் இல்லாமல் இருந்திருக்கலாம்.

மே 14, புதன்

கார் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. தண்ணீர் வரும் நாள். மோட்டார் போட்டு, தொட்டி நிரப்பி, இரண்டு சேலைக்குக் கஞ்சி போட்டேன்.

மே 16, வெள்ளி

"அந்த ஆசீரு வரலியா?" என்று மைனி கேட்டாள்.

"வேல இருக்கும் மைனி."

"சண்டையாக்கும்."

"இந்த வயசுலயா?"

"வயசாயிட்டா சண்ட போடப்படாதா? ஒங்க அண்ணங்கிட்ட நான் தெனமும் போடுதேன்." பிறகு கருவேப்பிலை உருவிக்கொண்டே, "அந்தக் காலத்துல அவன் சண்டையே போடமாட்டானே. ஒன் டப்பாவ மடியில வச்சு, கடவுளே கடவுளேன்னு பஸ்ஸுல கொண்டாருவான்னு சொல்லுவியே" என்றாள்.

டப்பா. மறந்தே போயிருந்தேன்.

அப்போது மாலையில் ஆய்வகம் துப்புரவு செய்ய வருகிறவர், மேசைமேல் எந்தப் பீக்கரில் எது இருந்தாலும் தொட்டியில் கொட்டிக் கவிழ்த்துவிடுவார். சொல்லிப் பார்த்தும் பயனில்லை. ஒரு வார உழைப்பு இரண்டு முறை அப்படிப் போன பிறகு, என் படலங்களை நான் வீட்டுக்கே கொண்டுவரத் தொடங்கினேன். ஸ்டூடியோவில் கேட்டு வாங்கிய கேமரா ஃபிலிம் டப்பாவில் உப்புநீர் ஊற்றி, தகட்டைப் போட்டு, மூடி, கைப்பையில் வைத்து டவுன் பஸ்ஸில். வீட்டில் மைனிக்குச் சீராக வந்த ஃப்ரிட்ஜ் இருந்தது. புதுப்பெண், நாத்தனாரின் கறுப்புத் தகட்டை இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சம்மதித்தாள். "மாவுல விழுந்துச்சுன்னா ஒங்க அண்ணனுக்கு அதத்தான் ஊத்திக் குடுப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆசீர் பல்கலைக்கழக விடுதியிலேயே இருந்தவன். ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம், பாளையங்கோட்டை சர்ச்சில் அவனுக்குப் பாட்டுப் பயிற்சி உண்டு. அதனால் அதே பஸ்ஸில் வருவான். கூட்டத்தில் எனக்கு இடம் கிடைக்காவிட்டால் டப்பா அவன் மடிக்குப் போகும். அவனுக்கு எப்படியோ இடம் கிடைத்துவிடும். ஒருமுறை ரயில்வே கேட் பக்கம் பள்ளத்தில் பஸ் விழுந்து, மூடி திறந்து, அவன் பேண்ட் முழுக்க உப்புநீர். கண்டக்டர், "தம்பி, ஸ்டாப்பிங் வந்துரும், கொஞ்சம் அடக்கு" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படியானால் ஒருமுறை சிரித்திருக்கிறேன்.

மே 19, திங்கள்

ஆய்வகத்துக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று ஆய்வக உதவியாளர் போனில் சொன்னார். போன வாரம் நான் செய்து மூடி வைத்த கரைசல்கள் வீணாகும். போகத்தான் வேண்டியிருந்தது. பஸ்ஸில் போனேன்.

ஆசீர் சென்னையில் ஏதோ கூட்டத்தில் இருக்கிறானாம். நல்லது. ஒரு படலம் வளர்த்து முடித்தபோது, மேசை முதல் குளிர்பெட்டி வரை எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு மூடத் தொடங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல், வரும்போது மைனியிடம் கேட்டு வாங்கிவந்த பழைய டப்பாவில் (ஓமம் போட்டு வைத்திருந்தாள், நன்றாகக் கழுவினேன்) உப்புநீர் ஊற்றி, தகட்டைப் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூட்டமான பஸ். நின்றுகொண்டே வந்தேன்.

"அதே டப்பாவா?" என்று கேட்டு மைனி ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டாள். இப்போது இரண்டு கதவு வைத்த பெரிய ஃப்ரிட்ஜ்.

மே 20, செவ்வாய்

கசியவில்லை.

இரண்டு முறை கருவியைச் சரிபார்த்தேன். பிளாங்க் ஓட்டினேன். மறுபடி அளந்தேன். மின்சாரம் கொடுக்காதபோது கோடு தட்டையாகக் கிடந்தது, அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல். துடிப்பு கொடுத்ததும் ஏறியது. நிறுத்தியதும் நின்றது.

வேம்புக்குக் கீழே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வெயில்.

ஆசீருக்கு, "கோடு தட்டையாகத்தான் இருக்கிறது" என்று செய்தி அனுப்பினேன். பிறகு, "நான் கேட்டிருக்கக் கூடாது" என்று எழுதி, அழித்து, "வா" என்று மட்டும் அனுப்பினேன்.

மே 22, வியாழன்

வந்தான். தட்டையான கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"ஒன் கைராசி திரும்பிருச்சு."

"அந்த வார்த்தைய விடு. வேற என்ன செஞ்சேன்னு யோசி. வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சேன். இங்க குளிர்பெட்டில வச்சா கசியுது."

"மைனி ஃப்ரிட்ஜுன்னு பேப்பர்ல எழுதவா?"

"குளிரு வித்தியாசமா இருக்கலாம்லா. பாக்கணும்."

பேசிக்கொண்டோம். மன்னிப்பு எதுவும் இரண்டு பக்கமும் பரிமாறப்படவில்லை. அவன் தேநீர் ஆற்றி ஒரு டம்ளரை என் பக்கம் தள்ளினான்.

இன்று செய்த படலத்தை டப்பாவில் போட்டு, அவன் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டப்பா என் மடியில். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மைனி ஃப்ரிட்ஜ், அதே தட்டு, அதே இடம்.

மே 23, வெள்ளி

கசிந்தது.

காலையில் அவனே காரில் வந்து அழைத்துப்போனான். அதே டப்பா, அதே உப்புநீர், அதே ஃப்ரிட்ஜ், என் கை.  ஆசீர் முகத்தில் பத்து வயது கூடிவிட்டது. மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான். திங்கட்கிழமைக்குள் ஏதாவது சொல்லியாக வேண்டுமாம்.

"வடிவு, போதும். எழுதிக் குடுத்திருவோம். செஞ்சோம், அப்ப வந்துச்சு, இப்ப வரலன்னு. அது உண்மதான."

"பாதி உண்ம."

"பாதியாவது இருக்கட்டும்."

"ஒரு நாளு பொறு," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

காரில் வரச் சொன்னான். தலை வலித்தது, காற்று வேண்டும்போல் இருந்தது. பஸ்ஸில் வருகிறேன் என்றேன். பேட்டை தாண்டியதும் ஒரு பெரிய பள்ளம். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணின் தூக்குவாளியில் மோரோ என்னவோ, உள்ளே களக் களக்கென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

டவுன் ஆர்ச் வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

மே 24, சனி

தங்கத் துகள் கலந்தால் படலத்தின் மேல்பரப்பு கரடுமுரடாகும். அந்தச் சந்துபொந்துகளில் பிணைப்பில்லாமல் மருந்து ஒட்டிக்கொள்ளும். மேலாகக் கழுவினால் போகாது. அசையாத உப்புநீரில் இரவு முழுவதும் கிடந்தாலும் போகாது. மறுநாள் அளக்கும்போது அதுதான் கசிகிறது. உள்ளே ஒழுங்காகப் பிடிபட்ட மருந்து அன்றும் இன்றும் கசியவே இல்லை. ஆட்டி ஆட்டி அலசினால் ஒட்டிக்கொண்டது அந்தத் தண்ணீரோடு போய்விடும்; அளப்பது புது உப்புநீரில். ஒரு டவுன் பஸ், பழைய சாலை, மூடிய டப்பா, அதற்குள் தகடு. வாரா வாரம் அலசியிருக்கிறேன், கவனமாக எடுத்துப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே.

ஆசீரின் படலங்கள் பீரோவில் பூட்டி, அசையாமல் பத்திரமாக இருந்தன.

போனில் சொன்னேன்.  "ரயில்வே கேட்டு" என்றான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். பின்னால் அவன் மனைவி ஹெப்சி, "யாருங்க, என்ன?" என்று கேட்பது கேட்டது. "ஒண்ணுமில்லம்மா, பஸ்ஸு," என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தான்.

"சிரிக்காத. இன்னும் நிரூபிக்கல," என்றேன்.

மே 28, புதன்

மூன்று டப்பா. ஒன்று ஆய்வகத்தில் அசையாமல். ஒன்று ஆசீரின் காரில். ஒன்று என்னோடு பஸ்ஸில். பஸ் டப்பாவில் இருந்தது ஆசீர் கையால் செய்த படலம். வேண்டுமென்றேதான் அப்படிப் பிரித்தேன்.

மே 29, வியாழன்

ஆசீரின் படலம் கசியவில்லை. என்னுடையவை இரண்டும் கசிந்தன.

கைராசி போயிற்று. இருபது வருடத்துக்கு மேலாக அந்த வார்த்தையைக் கேட்டால் எரிச்சல் வரும். இன்று அது போனபோது, வீட்டில் பழைய நாற்காலி ஒன்றைத் தூக்கிக் கொடுத்த இடம்போல் இருந்தது.

மருத்துவமனைக்காரர்கள் பொறுத்திருக்கிறார்கள். இனி பஸ் வேண்டாம். ஆய்வகத்திலேயே குலுக்கும் கருவி இருக்கிறது. அதில் எவ்வளவு வேகம் என்று பார்க்க வேண்டும்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 4, புதன்

குலுக்கியில் வைத்த படலங்கள் ஒன்றுகூடக் கசியவில்லை. துடிப்பு கொடுத்தால் விடுகின்றன, நிறுத்தினால் நிறுத்துகின்றன. போலந்துப் பெண்ணுக்கும் எழுதினோம். செய்து பார்த்துச் சொல்கிறேன் என்று உடனே பதில் போட்டிருக்கிறாள். ஆசீர் எல்லோருக்கும் அல்வா வாங்கிவந்தான். வெள்ளையடித்த சுவரில் யாரும் சாயாமல் எட்டி நின்று தின்றோம்.

ஜூன் 7, சனி

மைனிக்கு மாங்காய் நறுக்கிக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். பஸ் அலசிய கதை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டு மறுபடி சொல்ல வைத்தாள். பிறகு உப்பைப் போட்டுக் குலுக்கிக்கொண்டே,

"அப்ப அவன் சும்மா வந்தாலும் ஒரு பிரயோசனம் இருந்திருக்கு" என்றாள்.

"யாரு சும்மா வந்தா?"

"ஆசீருதான்."

"சும்மா வரல மைனி. சர்ச்சுல பாட்டுப் பயிற்சி அவனுக்கு."

மைனி ஜாடியைக் கீழே வைத்தாள். "என்ன பாட்டு? நீ எறங்கி இந்தத் தெருவுக்குள்ள திரும்புவ. அவன் ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் நிப்பான். எதுத்த பஸ்ஸு வந்ததும் ஏறித் திரும்பிப் போயிருவான். நான் பால் வாங்கப் போகையில எத்தன நாளு பாத்திருக்கேன். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நீ திரும்பியே பாத்ததில்லையா?"

டப்பா சிந்தாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை இருந்தது எனக்கு. கையில் வைத்துக்கொண்டு நேராக வீட்டைப் பார்த்து நடந்திருக்கிறேன். அதைத்தான் மைனியிடம் சொன்னேன்.

"அது சரி," என்றாள் மைனி. மிளகாய்ப்பொடியை எடுத்து வரச் சொன்னாள்.

மைனிக்கு அப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. பார்வை நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். மொட்டை மாடியில் காற்று.

ஜூன் 11, புதன்

போலந்திலிருந்து பதில். அவர்களுக்கும் வந்துவிட்டது. ஆச்சரியக்குறிகளாகப் போட்டிருக்கிறாள். கட்டுரை நிற்கும், ஒரு திருத்தக் குறிப்பு மட்டும் போட்டால் போதும் என்று இதழிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 13, வெள்ளி

திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. இன்றுதான் ஆய்வகத்தில் கடைசி நாள். திருத்தக் குறிப்பை இருவரும் உட்கார்ந்து எழுதினோம். 'படலங்கள் உப்புநீரில் தொடர்ந்து குலுக்கப்பட்டன. இந்தப் படி முதல் கட்டுரையில் விடுபட்டுவிட்டது.'

"எப்படி விட்டுப்போச்சுன்னு கேட்டா?" என்றான் ஆசீர்.

"அது ஒரு படின்னு எங்களுக்குத் தெரியாதுன்னு எழுது."

அப்படியே எழுதினான். கணினியைச் சாத்தினான். ஜன்னல் வழியாக வேம்பின் நிழல் மேசையில் ஆடிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டாம் என்றுதான் காலையிலிருந்து நினைத்திருந்தேன்.

"ஒனக்குப் பாட்டு வருமா ஆசீர்?"

பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தான். போட்டு முடித்தான். சட்டைப்பையில் குத்தினான்.

"வராது வடிவு," என்றான். "அப்பவும் வராது."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பும்வரை இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"கார எடுத்துட்டு வரவா? ஹெப்சி ஒன்னயச் சாப்பிடக் கூட்டிட்டு வரச் சொன்னா. ஆப்பம்."

"இன்னொரு நாளு வாரேன்னு சொல்லு. கண்டிப்பா வாரேன். இன்னைக்கு பஸ்ல போறேன்."

"டப்பா எதுவும் இல்லையே."

"இல்ல."

தலையை ஆட்டினான். நிறுத்தம்வரை கூட நடந்து வந்தான். பஸ் வந்தது. ஏறினேன். அவன் ஏறவில்லை, கையை மட்டும் கொஞ்சம் தூக்கினான்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு கையும் சும்மா இருந்ததால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பேட்டைப் பள்ளம், டவுன் ஆர்ச், ஜங்ஷன் மேம்பாலம். ஒவ்வொரு இடத்திலும் பஸ் நன்றாகக் குலுங்கியது. முருகன்குறிச்சி தாண்டி, எங்கள் நிறுத்தத்தில் இறங்கினேன். தெருவுக்குள் திரும்பாமல் நின்று, சாலையின் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.

வேட்டி கட்டிய ஒருவர், பள்ளிக்கூடப் பையோடு இரண்டு பெண்கள், ஒரு தேங்காய் மூட்டை. எதிர்ப்பக்கத்து பஸ் வந்து நின்று அவர்களை மறைத்தது. அது போன பிறகு அங்கே யாரும் இல்லை. தேங்காய் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். டப்பாவை மைனியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. ஓமத்துக்கு வேறு டப்பா வாங்கித் தர வேண்டும்.